கேட்டலும் கொள்ளலும்

ரோமச் சட்ட ஆசிரியர் காயுஸ், கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் மாணவர்களுக்காக எழுதிய பாடநூலில், தத்தெடுப்பது இரண்டு வகை என்கிறார். இன்னொரு தகப்பனின் அதிகாரத்துக்குள் இருக்கும் பிள்ளையை எடுப்பது ஒன்று. அதை ஒரு நீதி அதிகாரியின் முன்னிலையில் முடித்துவிடலாம். தகப்பன் இறந்து, தன் குடும்பத்துக்குத் தானே தலைவனாகிவிட்ட ஒருவனை வேறொரு குடும்பத்துக்குப் பிள்ளையாக்குவது மற்றொன்று. அதற்கு அதிகாரி போதாது, மக்கள் சபை கூட வேண்டும். அங்கே மூன்று தரப்பிடம் கேள்வி கேட்கப்படும். இவன் உனக்குச் சட்டப்படி மகனாக வேண்டும் என்று விரும்புகிறாயா என்று எடுப்பவனிடம் கேட்பார்கள். அதற்கு ஒப்புகிறாயா என்று வருபவனிடம் கேட்பார்கள். இது நடக்கட்டும் என்று ஆணையிடுகிறீர்களா என்று மக்களிடம் கேட்பார்கள். இப்படி மூன்று முறை கேட்பதால்தான் இந்த முறைக்கு ‘அட்ரொகாத்தியோ’ என்ற பெயர் வந்தது என்பது காயுஸின் விளக்கம். லத்தீனில் ‘ரொகாரே’ என்றால் கேட்பது, வேண்டுவது. ‘அட்’ என்ற முன்னொட்டுக்கு ‘ஒன்றை நோக்கி’, ‘ஒன்றோடு சேர’ என்று பொருள்.

இந்த ‘அட்ரொகாரே’தான் ஒலி திரிந்து ‘அர்ரொகாரே’ ஆயிற்று. தனக்குச் சேராத பட்டத்தையோ அதிகாரத்தையோ பெருமையையோ தன்னுடையதென்று உரிமை கொண்டாடுவது என்ற பொருளும் அதற்கு ஏறியது. ஆங்கிலத்தில் ‘அரோகேட்’ என்ற வினை 16ஆம் நூற்றாண்டில் அதிலிருந்து உருவானது. அதே வினையின் எச்ச வடிவத்திலிருந்து கிளைத்த ‘அரகன்ட்’ அதற்கு வெகு காலம் முன்பே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. சாசர் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய பாதிரியார் கதையில், செருக்கு என்னும் பாவத்தின் கிளைகளைப் பட்டியலிடும்போது இந்தச் சொல்லைக் கையாள்கிறார். தன்னிடம் இல்லாத நற்குணங்கள் இருப்பதாக எண்ணுகிறவனே அவர் கணக்கில் அரகன்ட். நம் ஊர்ப் பேச்சில் ‘ஆள் ரொம்ப அரகன்ட்’ என்று சொல்லும்போது திமிரை மட்டும்தான் குறிக்கிறோம். உரிமையில்லாததைக் கோருவது என்ற அடிப்பொருள் அதில் மங்கிவிட்டது.

ஊரைக் கூட்டி மூன்று முறை கேட்பதைக் குறித்த வினை, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கு எப்படிப் பெயரானது? இதை வெறும் ஒலித் திரிபாகவோ பொருள் நழுவலாகவோ கடந்துபோக எனக்கு மனமில்லை. அநியாயமான உரிமைக் கோரல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை இந்த வினையின் வரலாறு துல்லியமாகக் காட்டுகிறது. சடங்கு, கேள்வி, பதில் எல்லாம் அப்படியே இருக்க, கேட்பவனும் பதில் சொல்பவனும் ஒரே ஆளாகிப் போகும் இடம் அது.

‘ரொகாரே’ ரோமக் குடியரசில் சாதாரண வினையாக இருக்கவில்லை. ஒரு சட்டத்தை முன்மொழியும் கான்சல் என்ற தலைமை அதிகாரி சபையின் முன் நின்று, ‘இது இவ்வாறு ஆகட்டும் என்று விரும்பி ஆணையிடுகிறீர்களா’ என்ற பொருள்பட மக்களைக் கேட்பார். முன்மொழியப்பட்ட சட்டத்துக்குப் பெயரே ‘ரொகாத்தியோ’, அதாவது கேட்டல். அதிகாரி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவர் கேட்பவர்தான். ஆணையிடுவது மக்களின் வேலை. நடைமுறையில் செல்வந்தர்களின் வாக்குக்கே எடை கூடுதல் என்பது உண்மை. ஆனாலும் கோட்பாடு இப்படித்தான் இருந்தது, சொற்களும் அந்தக் கோட்பாட்டின் மேல்தான் வளர்ந்தன. பழைய சட்டத்தை நீக்கும்படி கேட்பது ‘அப்ரொகாரே’. அதில் ஒரு பகுதியை மட்டும் குறைப்பது ‘டெரொகாரே’. பதவிக்காலத்தை நீட்டிப்பது ‘ப்ரொரொகாரே’. சபையில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, மற்ற எல்லாருக்கும் முன்னதாகக் கேட்கப்படும் பிரிவு ‘ப்ரேரொகாத்தீவா’. அதன் வாக்கை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு மற்றவர்கள் பின்தொடர்வதுண்டு. இன்று மன்னர்களின் தனியுரிமையைக் குறிக்கும் ‘ப்ரிராகேட்டிவ்’ அங்கிருந்து வந்த சொல்.

தத்துச் சடங்குக்கு மட்டும் ஏன் இத்தனை எச்சரிக்கை என்பதற்கு விடை சொத்தில் இருக்கிறது. குடும்பத் தலைவனாக இருந்தவன் இன்னொருவனுக்கு மகனாகும்போது தனியாக வருவதில்லை. அவனுடைய நிலம், பணம், அடிமைகள், அவனுக்கு வரவேண்டிய கடன்கள், அவன் பிள்ளைகள் எல்லாம் ஒரே நொடியில் புதுத் தகப்பனின் அதிகாரத்துக்குள் போய்விடும். ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குள் கரைந்துபோகிறது. அதன் குலதெய்வ வழிபாடும் நின்றுபோகும். இன்னும் விபரீதமான ஒன்றும் உண்டு. தத்துப்போனவன் பட்ட கடன்கள் பழைய குடிமைச் சட்டப்படி அழிந்துவிடும். கடன் கொடுத்தவர்கள் வெறுங்கையோடு நிற்காமலிருக்க, பிரீட்டர் என்ற நீதி அதிகாரி தனியாக ஒரு பரிகாரம் ஏற்படுத்த வேண்டியிருந்தது.

ஆகவே சபை கூடுமுன் குருமார் விசாரணை நடக்கும். அவர்கள் எதையெல்லாம் பார்த்தார்கள் என்பதை இரண்டாம் நூற்றாண்டின் எழுத்தாளர் ஔலுஸ் கெல்லியுஸ் குறித்து வைத்திருக்கிறார். எடுப்பவர் இனிமேல் சொந்தமாகப் பிள்ளை பெறும் வயதைத் தாண்டியவரா? வருபவனின் சொத்தின் மேல் கண் வைத்துச் சூழ்ச்சியாக எடுக்கிறாரா? இதற்கென்று தலைமைக் குரு குவின்துஸ் முகியுஸ் வகுத்த சத்தியப் பிரமாணமும் இருந்தது. வயதுவராத பிள்ளைகளை இப்படி எடுக்கக் கூடாது என்ற தடை நெடுங்காலம் நீடித்தது. பேரரசர் அந்தோனினுஸ் பியுஸ் அதைத் தளர்த்தினார், அதுவும் பல நிபந்தனைகளோடு. நேர்மையற்ற எடுத்தலை உண்டாக்கக்கூடிய சடங்கு இது என்று ரோமர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அதைச் சுற்றி இத்தனை கேள்விகளை நட்டார்கள்.

கி.மு. 59இல் அந்தக் கேள்விகள் எல்லாம் கேட்கப்பட்டன. எதற்கும் பொருள் இருக்கவில்லை.

புப்ளியுஸ் குளோடியுஸ் ரோமின் மிகப் பழைய பத்ரீசிய, அதாவது மேற்குடிக், குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர். அவருக்கு மக்கள் திரிபூன் பதவி வேண்டியிருந்தது. சட்டங்களை முன்மொழியவும், பிற அதிகாரிகளின் செயலைத் தடுத்து நிறுத்தவும் வல்ல பதவி அது. ஆனால் பத்ரீசியரல்லாத பிளெபியக் குடியைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியது. முந்தைய ஆண்டில் அவரைப் பிளெபியராக மாற்ற நடந்த முயற்சிகள் பலிக்கவில்லை. புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ மேல் அவருக்குத் தீராத பகை இருந்தது. கி.மு. 62இல் பெண்கள் மட்டும் கலந்துகொள்ளும் போனா தேயா வழிபாட்டில் அவர் பெண் வேடமிட்டு நுழைந்ததாக வழக்கு நடந்தபோது, அன்று தான் ஊரிலேயே இல்லை என்று சாதித்தார். அவரை அன்றே ரோமில் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர் சிசரோ.

கி.மு. 59இல் சீசர் கான்சலாகவும் தலைமைக் குருவாகவும் இருந்தார். ஒரு நாள் சிசரோ நீதிமன்றத்தில் வேறொரு வழக்கில் வாதாடும்போது நாட்டு நிலைமையைக் கண்டித்துப் பேசினார். சிசரோவே பின்னாளில் சொன்னபடி, அடுத்த மூன்று மணி நேரத்துக்குள் குளோடியுஸின் தத்து முடிந்துவிட்டது. சீசர் தலைமை வகித்தார், தளபதி பொம்பேயுஸ் சகுனம் பார்க்கும் குருவாக நின்றார். எடுத்தவர் புப்ளியுஸ் ஃபொன்தேயுஸ் என்ற பிளெபியர். அவருக்கு வயது இருபதோ அதற்கும் குறைவோ. மகனாகப் போனவர் தகப்பனை விடப் பல வயது மூத்தவர். ஃபொன்தேயுஸ் திருமணமானவர், சொந்தமாகப் பிள்ளை பெற எந்தத் தடையும் இல்லாதவர். சடங்கு முடிந்ததும் புதுத் தகப்பன் புது மகனைத் தன் அதிகாரத்திலிருந்து விடுவித்துவிட்டார். குளோடியுஸ் தகப்பன் வீட்டுப் பெயரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மக்கள் சபை என்று அங்கே கூடியது எது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தச் சடங்குக்குரிய சபை கூரியா எனப்படும் 30 தொன்மையான குடிப்பிரிவுகளால் ஆனது. அந்தக் காலத்துக்குள் அந்தப் பிரிவுகள் நடைமுறையில் செத்துப்போயிருந்தன. பிரிவுக்கு ஒருவராக 30 லிக்டர்கள் வந்து நின்றார்கள். லிக்டர் என்றால் அதிகாரிகளுக்கு முன்னால் கோல் கட்டைச் சுமந்து நடக்கும் சேவகர். மக்களிடம் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் அதிகாரிகளின் ஏவலாட்கள்.

திரிபூன் பதவிக்கு வந்த குளோடியுஸ், விசாரணையின்றிக் குடிமக்களைக் கொன்றவர்களை நாடுகடத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஆட்சியைக் கவிழ்க்கச் சதிசெய்த கத்திலினாவின் கூட்டாளிகளுக்கு விசாரணையின்றி மரண தண்டனை நிறைவேற்றிய சிசரோவைக் குறிவைத்த சட்டம் அது. கி.மு. 58இல் சிசரோ ரோமைவிட்டு வெளியேறினார். பாலத்தீன் குன்றில் அவர் 35 லட்சம் செஸ்தர்ஸ் கொடுத்து வாங்கிய வீடு இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் ‘சுதந்திரம்’ என்ற தெய்வத்துக்கு ஒரு கோயில் எழுந்தது. மறு ஆண்டு திரும்பிவந்த சிசரோ, குருமார் குழுவின் முன் தன் வீட்டுக்காக வாதாடினார். அந்த உரையில் தத்துச் சடங்கின் ஒவ்வொரு கேள்வியையும் பிரித்துப் போட்டு, எதுவும் நேர்மையாகக் கேட்கப்படவில்லை, ஆகவே குளோடியுஸ் சட்டப்படி திரிபூனே இல்லை என்றார். இந்தச் செய்திகளில் பெரும்பகுதி பகையாளியின் வாயிலிருந்து வருவது என்பதை மறக்கக் கூடாது. குளோடியுஸ் ஏழைகளுக்கு இலவச தானியம் தந்தவர் என்பதும் அதே பதவியின் வரலாறுதான். ஆனால் வயதுக் கணக்கையும் விடுவிப்பையும் குருமார்களின் முகத்துக்கு நேரே இட்டுக்கட்டிச் சொல்லியிருக்க முடியாது. அவர்கள் நேரடியாக அறிந்த விஷயங்கள் அவை.

வீட்டு மனை சிசரோவுக்குத் திரும்பக் கிடைத்தது. காரணம் வேறு: அந்த இடத்தைத் தெய்வத்துக்கு அர்ப்பணிக்க மக்கள் வெளிப்படையாக அதிகாரம் தரவில்லை என்றார்கள் குருமார். தத்து செல்லுமா என்ற கேள்வியை அவர்கள் தொடவில்லை. பின்னர் குளோடியுஸின் திரிபூன் செயல்கள் அனைத்தையும் ரத்துசெய்ய வேண்டும் என்று சிசரோ வற்புறுத்தியபோது, எதிர்த்து நின்றவர் நேர்மைக்குப் பேர்போன கேட்டோ. சைப்ரஸ் தீவின் நிர்வாகத்துக்கு அவரை அனுப்பியதே குளோடியுஸின் சட்டம். அந்த வேர் அறுந்தால் கேட்டோ அங்கே செய்த வேலையும் செல்லாததாகும். அநியாயமாக எடுக்கப்பட்ட அதிகாரம் எப்படி நிலைபெறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அதன் மேல் நேர்மையாளர்களின் வேலையும் கட்டப்பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு அதைப் பெயர்க்க அவர்களே விடமாட்டார்கள்.

அநியாயமாகக் கோருவது என்ற பொருள் இந்தத் தத்துச் சடங்கிலிருந்துதான் பிறந்தது என்று சொன்னால் அது தவறு. குளோடியுஸின் காலத்து லத்தீனிலேயே அந்தப் பொருள் ஊன்றியிருந்தது. சடங்கின் பெயரும் அந்தப் பொருளும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு சொல்: ‘ஸிபி’, அதாவது தனக்கு. ‘ஸிபி அர்ரொகாரே’ என்பதுதான் அநியாயப் பொருள் வரும் வழக்கமான தொடர். சபையில் கேட்டுப் பெறுவது ஒரு பக்கம், ஒருவன் தனக்குத்தானே கேட்டுத் தனக்குத்தானே கொடுத்துக்கொள்வது மறுபக்கம். 30 சேவகர்கள் நின்ற அந்தப் பிற்பகலில் இரண்டு கிளைகளும் மறுபடி ஒன்றானது போலிருந்தது. காலப்போக்கில் சடங்கிலிருந்து சபையும் காணாமல் போயிற்று. யுஸ்தினியான் ஆறாம் நூற்றாண்டில் சட்டங்களைத் தொகுத்தபோது, இந்த வகைத் தத்துக்குப் பேரரசரின் ஆணைக்கடிதம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

‘அர்ரொகாரே’வுக்குப் பொருளில் நெருங்கிய வினையான ‘ஊசுர்பாரே’வின் கதை இன்னும் விசித்திரம். அரியணை பறிப்பவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. ‘ஊசுஸ்’ என்றால் பயன்பாடு, அனுபவம். ‘ராப்பெரே’ என்றால் பறித்தல். கி.மு. 450ஐ ஒட்டி உருவான பன்னிரு பட்டயச் சட்டப்படி, நிலத்தை இரண்டு ஆண்டும் பிற பொருள்களை ஓராண்டும் தடையில்லாமல் அனுபவித்தால் அது சொந்தமாகிவிடும். (நம் பத்திர எழுத்தர்கள் எதிரிடை அனுபவம் என்பார்கள். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி இங்கே தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு, அரசு நிலத்துக்கு 30 ஆண்டு.) மனைவிக்கும் அதே ஓராண்டுக் கணக்கு இருந்தது. ஓராண்டு முழுக்கக் கணவன் வீட்டில் இருந்துவிட்டால் அவள் அவன் கைக்குள், அவன் அதிகாரத்துக்குள், போய்விடுவாள். அதை விரும்பாத பெண் ஒவ்வோர் ஆண்டும் மூன்று இரவுகள் வெளியே தங்கி அந்தக் கணக்கை முறித்துவிடலாம். அந்த முறிப்புக்குப் பெயர்தான் ‘ஊசுர்பாரே’.

முன்னே சொன்ன முகியுஸ் இதில் ஒரு நுணுக்கமான கணக்கு வைத்திருந்தார். ஜனவரி முதல் தேதி கணவன் வீட்டுக்கு வந்த பெண், ஆண்டின் கடைசி மூன்று நாட்கள் இருக்கும்போது வெளியேறினால் முறிப்பு செல்லாது. ரோமர்களுக்கு நாள் நள்ளிரவில் பிறக்கிறது. மூன்றாம் இரவின் பின்பாதி புத்தாண்டில் விழுந்துவிடும். அவள் வெளியே இருந்தது இரண்டரை இரவுதான். அரை இரவுக்காக ஒரு பெண்ணின் சொத்தும் நிலையும் கை மாறும். ஒரு பெண் தன் உரிமை பறிபோகாமல் காத்துக்கொள்வதற்கு இருந்த சொல், பிற்காலத்தில் மன்னர்கள் தங்கள் எதிரிகளைத் திட்டப் பயன்படும் சொல்லாகிவிட்டது.

தமிழில் பறிப்பதற்குரிய வினைகள் பெரும்பாலும் உடம்பிலிருந்து வருகின்றன. பறி, பிடுங்கு, வௌவு எல்லாம் கையின் வேலை. வடமொழியிலிருந்து வந்த ‘அபகரி’ தூக்கிச் செல்வது, ‘ஆக்கிரமி’ அடியெடுத்து வைப்பது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் முதல் ஏரிப் புறம்போக்கு வழக்குகள் வரை அந்தக் கால்தான் நடக்கிறது. மனத்தில் நடப்பதற்கு ‘வெஃகு’ இருக்கிறது. வள்ளுவர் திருட்டைத் துறவறத்தில் கள்ளாமை என்று வைத்தார். பிறர் பொருளை விரும்புவதை வெஃகாமை என்று தனி அதிகாரமாக்கி இல்லறத்தில் வைத்தார். குடும்பஸ்தனுக்கு முதல் ஆபத்து மனத்தில் என்பது அவர் கணிப்பு என்று நான் படிக்கிறேன்.

லத்தீனின் ‘ஸிபி’ செய்யும் வேலையைத் தமிழில் ‘கொள்’ என்ற துணைவினை செய்கிறது. ‘பட்டம் சூட்டினார்கள்’ என்றால் ஊர் கூடியிருக்கிறது. ‘பட்டம் சூட்டிக்கொண்டான்’ என்றால் ஊரைக் காணோம். ‘தலைவர் என்று அழைத்தார்கள்’, ‘தலைவர் என்று அழைத்துக்கொண்டார்’ என்பதும் அப்படித்தான். உரிமை கொண்டாடுவது, சொந்தம் கொண்டாடுவது என்ற வழக்குகளிலும் அதே ‘கொள்’ உட்கார்ந்திருக்கிறது. தத்துக்கும் நம்மிடம் இரண்டு பெயர்கள் உண்டு. ‘தத்து’ வடமொழி ‘தத்த’விலிருந்து வந்தது, கொடுக்கப்பட்டது என்று பொருள். ‘சுவீகாரம்’ தன்னுடையதாக்கிக்கொள்வது. கொடுப்பவரும் வாங்குபவரும் இருந்தால்தான் சடங்கு செல்லும் என்று தர்மசாஸ்திரம் வற்புறுத்துவது, இரண்டாவது சொல் முதலாவதை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

19ஆம் நூற்றாண்டில் இந்தச் சொற்கள் தமிழ்நாட்டின் இரண்டு அரண்மனைகளில் சோதனைக்கு வந்தன. தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். 1799 உடன்படிக்கையிலேயே நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பினியிடம் போய்விட்டிருந்தது. மிஞ்சியது பட்டமும் கோட்டையும் அரண்மனைச் சொத்தும். பட்டம் முடிந்துபோனது என்று அறிவித்த கும்பினி, அதோடு நிற்கவில்லை. கமிஷனர் ஃபோர்ப்ஸ் படைவீரர்களுடன் அரண்மனைக்குள் போய், அரசரின் தனிச் சொத்துகளையும் சேர்த்து முத்திரையிட்டார். மூத்த ராணி காமாட்சி பாயி சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு வென்றார். அரசாங்கம் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீட்டுக்குப் போனது.

1859இல் தீர்ப்பு எழுதிய கிங்ஸ்டவுன் பிரபு எடுத்துக்கொண்ட கேள்வி இது: சட்டப்படி உரிமை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு இந்தச் சொத்து எடுக்கப்பட்டதா, அல்லது எந்தச் சட்டத்தையும் சாக்காகச் சொல்லாமல், ஓர் அரசு இன்னோர் அரசின் மேல் செலுத்தும் தன்னிச்சையான அதிகாரத்தால் எடுக்கப்பட்டதா? முதலாவது என்றால் நீதிமன்றம் விசாரிக்கலாம். இரண்டாவது என்றால் அது அரசுச் செயல், நீதிமன்றத்துக்கு அங்கே வேலையில்லை. இரண்டாவதுதான் என்று முடிவானது. நடந்தது நியாயமா அநியாயமா என்று கருத்துச் சொல்லக்கூடத் தங்களுக்கு உரிமையில்லை என்றார்கள். குளோடியுஸ் பொய்யாகவாவது மூன்று கேள்விகளைக் கேட்க வைத்தார். கும்பினி ஒன்றையும் கேட்கவில்லை, கேட்காததே அதற்குப் பாதுகாப்பாயிற்று. 1862இல் அந்தச் சொத்துகளை அரசாங்கம் குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்தது. சட்டம் அப்படிச் சொன்னதால் கொடுக்கவில்லை, தன் தயவாகக் கொடுத்தது.

ராமநாதபுரத்தில் நிலைமை வேறு. ஆண் பிள்ளையில்லாமல் ஜமீன்தார் இறந்தபின், அவருடைய மனைவி ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். கணவனின் அனுமதி இல்லாமல் விதவை எடுத்த தத்து செல்லுமா என்ற வழக்கு, மதுரை கலெக்டர் ஒரு கட்சியாக நிற்க, அதே பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1868இல் தீர்ப்பு வந்தது. ஸ்மிருதி சந்திரிகை, மிதாட்சரம் ஆகிய நூல்களையும் திராவிட தேசத்து வழக்கத்தையும் புரட்டிப் பார்த்து, ராணி யாரைக் கேட்டு எடுத்தார், கணவனின் பங்காளிகள் சம்மதித்தார்களா, அந்தச் சம்மதம் போதுமா என்று நீதிபதிகள் நீளமாக ஆராய்ந்தார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கும்பினியிடம் கேட்க மறுத்த கேள்வியை இங்கே ஒரு விதவையிடம் கேட்டார்கள். அவரிடம் பதில் இருந்தது. பங்காளிகளின் சம்மதம் போதும், தத்து செல்லும் என்று முடிவானது.